ஜெயித்தவர் படியேற வேண்டாம்

முடிச்சூர் ரோட்டில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். லாரி தானும் நகராது, நம்மையும் முந்த விடாது. நிற்கிற நேரத்தில் சும்மாவும் நிற்காது. பின்பக்கக் குழாயிலிருந்து சொட்டி, நம் பேன்ட்டை நனைத்துக்கொண்டே இருக்கும்.

அன்று காலையும் அப்படித்தான். ஸ்கூட்டரை நான் ஓட்ட, பின்னால் என் மகள் பவித்ரா உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாம்பரம் ஸ்டேஷனில் விட வேண்டும், கிண்டியில் ஆபீஸ். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. சரியாகச் சொன்னால், நான் பேசவில்லை. பேசுவதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். சபதத்தின் கதையைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் அவள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.

லாரியின் நம்பர் பிளேட்டில் மண் அப்பியிருந்தது. 'டி.என். பதினொன்று' தெரிந்தது. அடுத்து இரண்டு எழுத்துகள்: ஏ, ஆர்.

என் தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அன்ரீசனபிள்."

நியாயமே இல்லாத ஆள் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் எழுதினால் பன்னிரண்டு எழுத்து. உள்ளே ஏ இருக்கிறது, ஆர் இருக்கிறது. ஆட்ட விதிப்படி குறை சொல்ல இடமே இல்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஹெல்மெட்டுக்குள் வைத்து இரண்டு நிமிடம் யோசித்து, "அன்கிரேட்ஃபுல்" என்று பதிலடி கொடுத்தேன். நன்றி கெட்டவள். கொடுத்த பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பத்துதான் தேறியது.

மகளைத் திட்டும்போதுகூட எழுத்தை எண்ணித் திட்ட வேண்டிய தலையெழுத்து, தாம்பரம் வட்டாரத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் வாய்த்திருக்கும்.

"இன்னா சார், லாரி எப்பவோ பூட்ச்சு. நீ இன்னா வெரல எண்ணிக்கினு கீற?" என்று பின்னால் இருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். முன்னால் பார்த்தால் ரோடு காலி. வண்டியைக் கிளப்பினேன். ஸ்டேஷனில் தோற்றவன் என்ற முறையில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு மௌனமாகப் படியேறினேன்.

ஆட்டத்தின் சட்டதிட்டங்கள்

இந்தத் தொடரைத் தவறாமல் படிப்பவர்களுக்கு என் கடையைத் தெரியும். இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வரி: முடிச்சூர் ரோட்டில் எனக்கு ஒரு ஹார்டுவேர் கடை உண்டு. பைப், குழாய், பெயின்ட், ஆணி, அப்புறம் வாடிக்கையாளர்களின் வீட்டுக் கதைகள். வீட்டில் மனைவி விஜயா, மகள் பவித்ரா. அதிகாரமும் அந்த வரிசையில்தான். என் பெயர் வரிசையில் வராது.

ஆட்டம் இதுதான். போகிற வழியில் முதன்முதலாக எந்த வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறோமோ, அந்த வண்டியின் நம்பர் பிளேட்டில் உள்ள இரண்டு எழுத்துகளை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டும் எங்கேயாவது வருகிற ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு வாய்ப்பு. யாருடைய சொல் நீளமோ அவருக்கு வெற்றி. ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லக் கூடாது. கேட்டால் அர்த்தம் சொல்லத் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் போனைத் தொடக் கூடாது.

தோற்றவர் வண்டி ஸ்டாண்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் படிகளை ஏற வேண்டும். எஸ்கலேட்டரில் ஏறினால் அது தூக்கியதாகக் கணக்கில் சேராது. நான் ஜெயித்தால் படியேற வேண்டாம். ஸ்டாண்டிலிருந்தே வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போய்விடலாம். இரண்டு சொல்லும் ஒரே நீளமாக இருந்தால், பையின் ஆளுக்கு ஒரு காதைப் பிடித்துக்கொண்டு இருவரும் சேர்ந்து தூக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சேர்த்து வைத்திருந்தோம். ஒரு நாளும் அதற்கு வேலை வந்ததில்லை. பவி எப்போதும் என்னைத் தெளிவாகவே தோற்கடித்துவிடுவாள்.

ஆரம்பித்து வைத்தவன் நான்தான். அப்போது அவள் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ. குரோம்பேட்டையில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்திருந்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் நின்றுவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. பின்னாலிருந்து ஷூ காலால் என் கெண்டைக்காலில் உதைத்துக்கொண்டே இருப்பாள். உதை தாங்காமல் ஒரு நாள் முன்னால் நின்ற காரைக் காட்டி, "இந்த ரெண்டு எழுத்தும் வர்ற மாதிரி பெரிய வார்த்தையா ஒண்ணு சொல்லு பாப்போம்" என்றேன். உதை நின்றது. வார்த்தை வந்தது. "இப்ப நீங்க சொல்லுங்கப்பா" என்றாள். எனக்கு வரவில்லை. அன்று பள்ளி வாசல் வரை ஸ்கூல் பையையும் தண்ணீர் பாட்டிலையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன்.

குழந்தைக்கு இங்கிலீஷ் கற்றுத்தருகிறேன் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். விஜயா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அட்டைப் பெட்டி இங்கிலீஷ்

நான் படித்தது தமிழ் மீடியம். ஆங்கிலப் பாடத்தில் பாஸ் மார்க் வாங்கிய அன்று எங்கள் வாத்தியாரே நம்பாமல் பேப்பரை மறுபடி கூட்டிப் பார்த்தார். என் ஆங்கிலம் முழுவதும் பின்னாளில் அட்டைப் பெட்டிகளிலிருந்து வந்தது. கடையில் ஆள் வராத மத்தியான நேரங்களில் சரக்குப் பெட்டிகளின் நாலு பக்கத்தையும் படித்துக்கொண்டிருப்பேன்.

அதனால் என்னிடம் ஒரு விசித்திரமான ஆங்கிலம் சேர்ந்தது. கடைக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் சாதாரணமாக நலம் விசாரித்தபோது தடுமாறிப் போனேன். ஆனால் துருப்பிடிக்காத என்பதற்கு என்னிடம் நாலு சொல் இருந்தது.

ஒரு முறை ஏ, இசட் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் இருந்த பவி, "ஹசார்டஸ்" என்றாள். நான் நிதானமாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அன்பிளாஸ்டிசைஸ்டு" என்றேன். பதிமூன்று எழுத்து.

"அப்படி ஒரு வார்த்தையே இல்ல!"

"கடைக்கு வந்து பாரு. பைப் மேலயே அச்சடிச்சிருக்கான். வளையாத பைப்புன்னு அர்த்தம்."

சாயங்காலம் உண்மையிலேயே கடைக்கு வந்து பைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

இன்னொரு முறை ஏ, எக்ஸ். என் கண் எரிச்சலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தின் லேபிள் கை கொடுத்தது. 'கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ்.' இருபத்திரண்டு எழுத்து. "அர்த்தம்?" என்றாள். "கண்ணுல உடற தண்ணி" என்றேன். அவளால் மறுக்க முடியவில்லை. ஆனால் இப்படிப்பட்ட வெற்றிகள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு. மற்ற நாட்களில் பை என் தோளில்தான்.

படகில் ஒரு குடை

எங்கள் பகுதி மூழ்கிய அந்த வெள்ள வருஷத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. அதனால் ஒரே ஒரு காட்சி மட்டும்.

தரைத்தளம் போய்விட்டது. கடைச் சரக்கு என்ன ஆனதென்று தெரியாது. மொட்டை மாடியில் மழையில் நனைந்துகொண்டு நின்ற எங்களை, கடலோரத்திலிருந்து வந்த மீனவர்கள் படகில் ஏற்றிக்கொண்டார்கள். நேற்று வரை ஸ்கூட்டரில் போன தெருவில் படகில் போகிறோம். கரன்ட் கம்பி கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. விஜயா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. குளிர் என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். பயம்தான்.

பவிக்கு அப்போது பத்து வயசு இருக்கும். நடுங்கிக்கொண்டே படகைச் சுற்றிப் பார்த்தாள்.

"ப்பா, இதுக்கு நம்பர் பிளேட் இல்லியே."

பக்கவாட்டில் பெயின்ட் உதிர்ந்துபோன எழுத்துகளில் எம், எல் என்ற இரண்டு மட்டும் மிச்சமிருந்தன. அதைக் கண்டுபிடித்துவிட்டாள். சிறிது நேரம் யோசித்தாள். "அம்ப்ரெல்லா" என்றாள்.

தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்த ஒரு குழந்தை குடை என்று சொன்னதும், படகில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். "கொடயா? அத்த அப்பால புடிக்கலாம். மொதல்ல கயித்தப் புடி பாப்பா" என்றார் படகுக்காரர்.

"நீங்க சொல்லுங்கப்பா" என்றாள் என்னிடம்.

எனக்கு எந்த மொழியிலும் ஒரு சொல்லும் வரவில்லை. அழுகைதான் வந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை. இவள் என்னிடம் வார்த்தை கேட்டுக்கொண்டிருக்கிற வரை எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அப்போது தோன்றியது. ஏன் தோன்றியது என்று கேட்காதீர்கள்.

நான் வாயை மூடிய கதை

இப்போது சபதத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் எங்கள் நகர் நலச் சங்கத்தின் செக்ரட்டரி சாலமன் சார், குழாய்க்கு வாஷர் வாங்கக் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் தெரு முனை வீடு அவருடையது. வாஷரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "கங்கிராஜுலேஷன்ஸ். பவித்ராவுக்கு ஐதராபாத்ல நல்ல வேலையாமே. என் டாட்டர் சொன்னா" என்றார்.

"ஆமா சார்" என்றேன். முகத்தை எப்படி வைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. அவருக்கு அரை அங்குல வாஷருக்குப் பதிலாக முக்கால் அங்குலத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஊருக்கெல்லாம் தெரியுது. எனக்குத் தெரியல."

"உங்ககிட்ட சொல்லணும்னுதான்ப்பா இருந்தேன்" என்றாள் பவி. "நீங்க கத்துவீங்கன்னுதான் நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் கத்துவேனா? நானா?" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. விஜயா எங்கள் ஜன்னலைச் சாத்தினாள்.

"அடுத்த மாசம் ஜாயின் பண்ணணும்ப்பா. நல்ல டீம். ரெண்டு வருஷம்தான்."

"பண்ணிக்கோ. எங்க வேணா போ. இனிமே உன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசினா ஏன்னு கேளு."

கோபத்தில் சொன்ன வசனம். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையிலேயே உள்ளுக்குள் அரிக்க ஆரம்பித்துவிட்டது. சபதம் எடுக்கும்போது முடிவு தேதி ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இப்போது எப்படி இறங்கி வருவது? நானாகப் போய்ப் பேசினால் மானம் போகும். பேசாமல் இருந்தால் அவள் போய்விடுவாள். ஒரு மாதம்தான் இருந்தது.

ஸ்டேஷனில் கொண்டு விடுவதை மட்டும் நிறுத்தவில்லை. சபதம் வாய்க்குத்தானே, ஸ்கூட்டருக்கு இல்லையே. அப்படிப் போன ஒரு காலையில்தான் தண்ணீர் லாரிக்குப் பின்னால் அந்த 'அன்ரீசனபிள்' வந்தது. ஆட்டத்தில் சொல்லும் வார்த்தை பேச்சில் சேராது என்று நானே எனக்கு ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு பதில் சொன்னேன்.

இப்படியாக ஒரு நாளைக்கு அவளிடமிருந்து எனக்கு ஒரு வார்த்தை. என்னிடமிருந்து அவளுக்கு ஒன்று. இரண்டும் இங்கிலீஷில்.

குரங்குக் குல்லா

அந்த ஒரு வார்த்தைக்காக நான் பட்ட பாட்டைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வார்த்தை வராமல் "பாஸ்" என்று சொல்லிவிட்டால் ஆட்டம் அங்கேயே செத்துவிடும். அது எனக்குப் பெரிய பயமாகிவிட்டது. அதோடு, ஒளிப்பானேன், ஐதராபாத் போகிறவளை நாலு தடவை தோற்கடித்து அனுப்பினால் என்ன என்று ஒரு அல்ப ஆசையும் இருந்தது.

போனில் ஒரு இணையதளம் இருக்கிறது. வேண்டிய எழுத்துகளைத் தட்டினால் போதும், அவை வருகிற ஆங்கிலச் சொற்களையெல்லாம் நீளமானது முதலில் வருமாறு கொட்டிவிடும். அதைக் கண்டுபிடித்த அன்று புதையல் கிடைத்தவன் மாதிரி ஆகிவிட்டேன். ஆட்டத்தின் போது போனைத் தொடக் கூடாது என்பதுதானே விதி? முன்கூட்டியே படித்துக்கொண்டு போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

ஆனால் எந்த எழுத்து வரும் என்று தெரிய வேண்டும். இங்கேதான் என் மூளை வேலை செய்தது. காலையில் எங்கள் தெரு முடிச்சூர் ரோட்டில் சேரும் இடத்திலேயே நெரிசல் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் எங்களுக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் எங்கள் தெரு வண்டிகள்தான். ஆக, தெருவில் உள்ள வண்டிகளின் எழுத்துகள் மொத்தமும் எனக்குத் தெரிந்துவிட்டால்?

விடிந்தும் விடியாத நேரத்தில் லுங்கியைக் கட்டிக்கொண்டு, பனிக்குக் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் குனிந்து பார்த்து, எழுத்துகளை முணுமுணுத்து மனப்பாடம் செய்தேன். சாலமன் சாரின் கார் மட்டும் உறை போட்டு மூடியிருந்தது. அதற்கென்ன என்று மண்டியிட்டு உறையைத் தூக்கிப் பார்த்தேன்.

தெருமுனையில் சங்கம் புதிதாக வைத்திருந்த கேமராவுக்கு, ஆணி முதல் கிளாம்ப் வரை சப்ளை செய்தவனே நான்தான். அது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விஜயா போனைப் பார்த்து வாசித்தாள்.

"சங்கத்து குரூப்ல போட்டிருக்காங்க. சந்தேகத்துக்கு இடமான நபர். காரோட உறையத் தூக்கிப் பாக்கறான். லுங்கி, குரங்குக் குல்லா. யாருக்காவது அடையாளம் தெரிஞ்சா உடனே சொல்லவும்." போட்டோவைப் பெரிதாக்கினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இந்தக் குல்லாவத் தூக்கிப் போடுங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்?"

இதற்குள் எதிரில் உட்கார்ந்திருந்த பவி எதையோ தட்டி அனுப்பிவிட்டாள். அவள் குரூப்பில் போட்டதையும் விஜயாவே வாசித்தாள்: "அது எங்க அப்பா, அங்கிள். எக்ஸாமுக்குப் படிக்கறார்."

அன்று மத்தியானம் சாலமன் சார் கடைக்கு வந்தார். "இந்த வயசுலயும் எக்ஸாம் எழுதறீங்களா? குட், வெரி குட்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். காரின் உறைக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று பெரிய மனிதர் கேட்கவில்லை. மறுநாள் தன்னிடமிருந்த பழைய பொது அறிவு கைடு ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். மறுக்க முடியுமா? இன்னும் கல்லாவுக்குக் கீழே இருக்கிறது.

குல்லா விவகாரம் நடந்த அந்தக் காலையிலும் நாங்கள் கிளம்பினோம். முன்னால் நின்றது எங்கள் எதிர்வீட்டு வேன். ஏ, எம்.

"எம்பாரஸ்மென்ட்" என்றாள் பவி. அவமானம். பதிமூன்று எழுத்து. தலை நிமிர முடியாத அளவுக்குப் பொருத்தமான சொல்.

வேறு யாராக இருந்தாலும் அன்று ஒருநாளாவது தோற்றுத் தொலைத்திருப்பான். நான் எதிர்வீட்டு வேனுக்கு அன்று விடியற்காலையிலேயே படித்து வைத்திருந்தேன். "தெர்மோபிளாஸ்டிக்ஸ்." பதினாலு. ஸ்டாண்டில் அவள் இறங்கி, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டாள். நான் வெற்றி வீரனாக வண்டியைத் திருப்பினேன்.

அதன் பிறகு ஜெயித்துக்கொண்டே போனேன். ஒரே ஒரு நாள்தான் சறுக்கல். ஏ, இசட்டுக்கு 'இன்ஸ்டிட்யூஷனலைசேஷன்' என்று ஒரு ராட்சசச் சொல்லைப் படித்து வைத்திருந்தேன். சொல்ல வேண்டிய நேரத்தில் நாக்கு பிசகி, மூன்று தடவை முயன்றும் பாதியிலேயே தடம் புரண்டுவிட்டது. மற்ற நாளெல்லாம் வெற்றிதான்.

விஜயா சொன்னது

ஒரு மத்தியானம் விஜயா சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்கு வந்தாள். நான் ஒருவருக்குச் சங்கிலி அளந்து வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் போகும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"நேத்து பவி என்ன சொன்னா தெரியுமா? இப்பல்லாம் அப்பா தினமும் ஜெயிச்சுடறார்மா, ஸ்டாண்ட்லயே வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிடறார், மேல வர்றதே இல்லன்னு சொன்னா."

"அதுல என்ன? ஜெயிச்சா படியேற வேண்டாம். அதான் ரூல்" என்றேன்.

விஜயா கேரியரைப் பிரித்தாள். ரசத்தை ஊற்றினாள். ரசம் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

தோற்ற நாட்களில் என்ன நடக்கும்? பையை மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் படியேறுவேன். ஒன்றும் பேச மாட்டோம். ஆனாலும் மேலே போய்ச் சேரும் வரை அவளோடு இருப்பேன். என் மூட்டு வலிக்காக ஒவ்வொரு வளைவிலும் அவள் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி நிற்பாள். மேலே போனதும் பையை வாங்கிக்கொள்வாள். பிளாட்பாரத்துக்கு இறங்குமுன் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். இவ்வளவையும் நான் விட்டுக்கொடுத்திருக்கிறேன். சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து, லுங்கியோடு தெருவில் மண்டியிட்டு, மாடாய் உழைத்து விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

உலகத்தில் மடையர்கள் பலவிதம். படித்துப் படித்து மடையனானவனை அன்று கண்ணாடியில் பார்த்தேன்.

சரி, நாளையிலிருந்து தோற்கலாம் என்றால், நாளை இல்லை. அவள் ஆபீஸில் கடைசி நாள் முடிந்துவிட்டது. வீட்டில் துணி மடித்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். ஸ்டேஷனுக்கு இனி ஒரே ஒரு பயணம்தான் பாக்கி.

ஆட்டோவுக்குப் பின்னால்

ஐதராபாத் ரயில் இப்போது தாம்பரத்திலிருந்தே கிளம்புகிறது. சாயங்கால வண்டி. பெரிய பெட்டியையும் சாப்பாட்டுப் பையையும் ஏற்றிக்கொண்டு விஜயா ஆட்டோவில் முன்னால் போனாள். பவி ஆட்டோவில் ஏறுவாள் என்று நினைத்தேன். வந்து என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தாள்.

ஸ்டேஷனை நெருங்கும் இடத்தில் எல்லாம் நின்றது. எங்களுக்கு முன்னால் நின்றது விஜயா போன ஆட்டோவேதான். பின்பக்கக் கண்ணாடி வழியாக அவள் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏ, என்.

வழக்கமாக பவிதான் முதலில் சொல்வாள். அன்று சொல்லவில்லை. ஏ, என் எழுத்துகளுக்கு என்னிடம் ஒரு சொல் தயாராக இருந்தது. 'இன்டர்நேஷனலைசேஷன்.' இருபது எழுத்து. பல நாளாகப் பத்திரமாக வைத்திருந்தேன். சொன்னால் ஜெயிப்பேன். ஜெயித்தால் அவள் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மேலே போவாள். நான் கீழே நிற்பேன்.

"ஃபேன்" என்றேன்.

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றெழுத்துச் சொல். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட அதை ஜெயித்துவிடும். அவள் ஏதாவது ஒரு பெரிய சொல்லைச் சொல்ல வேண்டும், நான் தோற்க வேண்டும், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டாவது மேலே ஏறிவிட வேண்டும். அதுதான் என் திட்டம்.

திடீரென்று ஒரு பயம் வந்தது. இந்த எழுத்துகள் இரண்டை மட்டும் சேர்த்தாலே ஆங்கிலத்தில் ஒரு குட்டிச் சொல் இருக்கிறதே. என் முழங்காலை நினைத்துக்கொண்டு இவள் அதைச் சொல்லி வேண்டுமென்றே தோற்றுவிட்டால்? என்னைக் கீழேயே நிறுத்திவிட்டால்? அவளுக்கு அது தெரியாமல் இருக்குமா?

ஆட்டோ கொஞ்சம் நகர்ந்தது. நான் நகரவில்லை. பின்னால் ஹாரன்கள்.

"கேன்" என்றாள் பவி.

மனசுக்குள் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். மூன்று.

வண்டி ஸ்டாண்டில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கினோம். அதற்கு மேலே ஒரு கைப்பிடி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. அவள் ஒன்றைப் பிடித்தாள், நான் ஒன்றைப் பிடித்தேன். விஜயா பிளாட்பாரம் டிக்கெட் எடுக்கப் போனாள்.

பாதிப் படியில் எனக்கு மூச்சு வாங்கியது. பெட்டியை வளைவில் வைத்துவிட்டு நின்றோம். அவள் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள்.

"ப்பா."

"ம்."

"ஏ, என்னுக்கு உங்ககிட்ட பெருசா ஒண்ணு இருந்துதுல்ல?"

"இருந்துச்சு."

"என்ன?"

"இன்டர்நேஷனலைசேஷன்." அன்று பார்த்து ஒரே மூச்சில் வந்தது.

"அய்யோ! அத வச்சுக்கிட்டா ஃபேன்னு சொன்னீங்க?"

"நீ மட்டும் என்னவாம்? அவ்வளவு செலவு பண்ணி இங்கிலீஷ் மீடியம் படிக்க வச்சா, கேனாம் கேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது, ஆனால் என் கைகளில் பெட்டியின் அழுக்கு.

"அங்க தண்ணி உப்பா இருக்கும்ங்கறாங்க" என்றேன். "குழாய் சொட்டினா வீட்டு ஓனரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காத. வாஷர் கொஞ்சம் உன் பொட்டில போட்டிருக்கேன். அரை அங்குலமும் இருக்கு, முக்காலும் இருக்கு."

"அதுக்கா இவ்ளோ கனம்?"

"ஸ்பேனரும் இருக்கு."

"ப்பா!"

"சின்னதுதான். போன உடனே ஃபோன் பண்ணு. வழியில தண்ணி பாட்டில் வெளிய வாங்காத, அம்மா காய்ச்சி வச்சிருக்கா. மேல் பர்த்துல ஏறும்போது ஃபேன்ல கைய விட்டுறாத. அப்புறம் அந்த டீம்ல..."

"ஏங்க!" கீழேயிருந்து விஜயாவின் குரல். டிக்கெட்டை ஆட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நின்றாள். "ரெண்டு பேரும் படிய மறிச்சுக்கிட்டு அப்படி என்ன பேச்சு? பின்னால எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசிக்கொண்டிருக்கிறேன். எப்போது ஆரம்பித்தேன் என்றுகூடத் தெரியவில்லை.

பவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

"தூக்கு" என்றேன். ஆளுக்கு ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளை ஏறினோம்.